பெங்களூர் வீட்டுத் தொட்டியில் கடல் சாமந்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரிலிருந்து கிழக்கே சென்னைக் கடலும் மேற்கே மங்களூர்க் கடலும் ஏறக்குறைய ஒரே தூரம்தான், 350 கிலோமீட்டர். கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே, காவிரியையும் போர்வெல்லையும் டேங்கர் லாரியையும் நம்பி வாழும் ஊர் இது. இங்கே முருகேஷ்பாளையத்தில் ஒரு வாடகை வீட்டு ஹாலில் 250 லிட்டர் உப்புநீர்த் தொட்டி வைத்து, அதில் அனிமோன் வளர்த்து வருகிறேன். வீட்டுக்கு வருகிறவர்களும் அவர்கள் சொல்லி அனுப்புகிறவர்களும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. தமிழில் இதற்குக் கடல் சாமந்தி என்று அழகான பெயர் இருக்கிறது. கடையில் அனிமோன் என்றால்தான் புரியும். இரண்டையும் கலந்தே எழுதுகிறேன்.

இது செடியா, விலங்கா?

விலங்கு. ஜெல்லி மீனுக்கும் பவளத்துக்கும் சொந்தம். அடியில் ஒரு பாதம், மேலே ஒரு வட்டத் தட்டு, தட்டின் நடுவில் ஒரு வாய், வாயைச் சுற்றிக் கைகள். உள்ளே போவதும் கழிவு வெளியே வருவதும் அந்த ஒரே வாய் வழியாகத்தான். கைகள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கொட்டும் செல்கள்.

நாம் வளர்க்கும் வெப்பமண்டல அனிமோன்களின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெளிச்சத்தில் உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கை அனிமோனுக்குக் கொடுக்கிறது. ஆகவே விலங்காக இருந்தாலும், செடிபோல வெளிச்சம் வேண்டும். கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

எத்தனை வருஷம் உயிரோடு இருக்கும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. எல்லோரும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஜான் டேலியல் என்ற இயற்கையியலாளர் 1828-இல் ஸ்காட்லாந்துக் கடற்கரையிலிருந்து ஒரு சிறிய அனிமோனை எடுத்து வந்து கண்ணாடி ஜாடியில் வளர்த்தார். அது குளிர்கடல் வகை. அவர் 1851-இல் இறந்துவிட்டார். அனிமோன் இறக்கவில்லை. கை மாறி, கை மாறி, 1887 வரை வாழ்ந்தது. அதற்கு ‘பாட்டி’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். எல்இடி விளக்கு இல்லை, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் இல்லை, டெஸ்ட் கிட் இல்லை. கடல்நீரைத் தவறாமல் மாற்றிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட உயிர் நம் வீட்டுத் தொட்டியில் மூன்று மாதத்தில் கரைந்துபோகிறது என்றால், அதற்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. நாம் ஏதோ செய்திருக்கிறோம், பெரும்பாலும் அவசரப்பட்டிருக்கிறோம்.

தொட்டி வைத்து ஒரு மாதம் ஆகிவிட்டது. அம்மோனியா பூஜ்யம். இப்போது அனிமோன் வாங்கலாமா?

வேண்டாம். ஆறு மாதமாவது பொறுங்கள். ஒரு வருஷம் பொறுத்தால் இன்னும் நல்லது.

கழிவிலிருந்து வரும் நஞ்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமானால் மீன் விடலாம் என்பது சரிதான். ஆனால் புதுத் தொட்டியில் உப்பும் காரத்தன்மையும் நைட்ரேட்டும் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். மீனுக்குச் செதில் இருக்கிறது, சிறுநீரகம் இருக்கிறது, சமாளித்துக்கொள்ளும். அனிமோனுக்கு இரண்டும் கிடையாது. வெளியே இருக்கும் தண்ணீர்தான் அதன் உடம்புக்குள்ளும் இருக்கிறது. தண்ணீர் தடுமாறினால் அதுவும் தடுமாறும்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஆறு மாதத்தில் பழகிக்கொள்வது தொட்டி மட்டும் இல்லை, நீங்களும்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் மாற்றுவது, தினமும் ஒருமுறை வெப்பமானி பார்ப்பது, உப்பு அளப்பது எல்லாம் கைப்பழக்கம் ஆக அவ்வளவு நாள் வேண்டியிருக்கிறது.

எந்த வகையில் ஆரம்பிக்கலாம்?

பபிள் டிப் அனிமோன். கைகளின் நுனி சில சமயம் சின்ன பல்பு மாதிரி உப்பியிருக்கும். பழுப்பு, பச்சை, ரோஜா நிறங்களில் கிடைக்கும். பாறை இடுக்கில் பாதத்தை நுழைத்து உட்காரும். தொட்டியிலேயே இரண்டாகப் பிரிந்து பெருகுவதால், இன்னொருவர் வீட்டில் பிரிந்த குட்டியை வாங்க முடியும். அப்படிக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுங்கள். அது ஏற்கெனவே தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது, கடலிலிருந்தும் ஒன்று குறையவில்லை. இதற்கு 150 முதல் 200 லிட்டர் தொட்டி போதும்.

கார்பெட் அனிமோன் மணலில் பாதத்தைப் புதைத்து, தட்டை விரித்துக் கம்பளம்போலக் கிடக்கும். அரை மீட்டருக்கும் மேல் வளரும், பக்கத்தில் வந்த மீனைப் பிடித்துத் தின்றுவிடும். 400 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் அதை நினைக்கவே வேண்டாம். மேக்னிஃபிகா என்ற வகை எல்லாவற்றிலும் அழகு, எல்லாவற்றிலும் கடினம். பல வருஷ அனுபவம் உள்ளவர்களே அதை இழந்திருக்கிறார்கள்.

கடையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

வாய் மூடியிருக்க வேண்டும். பாதம் கண்ணாடியிலோ பாறையிலோ ஒட்டியிருக்க வேண்டும், அதில் கிழிசல் இருக்கக் கூடாது. கடைக்காரரிடம் ஒரு துளி இறால் போடச் சொல்லுங்கள். கை அதைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனால் நல்லது. இன்று பார்த்துவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி போய்ப் பாருங்கள். அதற்குள் வேறு யாராவது வாங்கிவிட்டால் போகட்டும்.

நிறத்தில் ஏமாறாதீர்கள். எலுமிச்சை மஞ்சள், பளீர் ஊதா என்று உடம்பு முழுக்க ஒரே சீராக நிறம் இருந்தால் அது சாயம் ஏற்றியதாக இருக்கலாம். சாயம் வாரக்கணக்கில் வெளுத்து உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும். அந்த வெள்ளையும் அழகு இல்லை. பாசியை இழந்த அனிமோன்தான் வெள்ளையாக இருக்கும், அதாவது அது பட்டினி கிடக்கிறது. செபே என்ற வகை அனிமோனில் ‘ஒயிட்’ என்று தனி விலை சொல்லி விற்பது பெரும்பாலும் இதைத்தான். தேர்ந்த கை என்றால் மாதக்கணக்கில் பார்த்துத் தேற்றலாம். முதல் அனிமோனாக அதை வாங்காதீர்கள்.

பெங்களூர்த் தண்ணீரில் உப்பு கலந்தால் போதாதா? வீட்டில் ஆர்ஓ இருக்கிறதே?

இந்த ஊரில் அனிமோன் வளர்ப்பவர்கள் அதிகம் தோற்பது தண்ணீரில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். போர்வெல் தண்ணீரில் கடினத்தன்மையும், பல இடங்களில் நைட்ரேட்டும் அதிகம். டேங்கர் தண்ணீர் எந்தப் போர்வெல்லிலிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. கோடைக்குக் கோடை ஒரே வீட்டில் இந்த மூன்றும் மாறி மாறி வரும். போன மாதம் ஒத்துக்கொண்ட தண்ணீர் இந்த மாதம் வேறு தண்ணீர்.

குடிநீருக்கான ஆர்ஓ இதைத் தீர்க்காது. நாம் குடிக்கத் தாது வேண்டும் என்பதால், அது சுத்தம் செய்த தண்ணீரில் கொஞ்சம் பழைய தண்ணீரையோ தாது கார்ட்ரிட்ஜையோ கலந்துதான் வெளியே விடும். கரைந்திருக்கும் தாதுக்களை அளக்கும் டிடிஎஸ் மீட்டரைக் குழாயில் வைத்துப் பாருங்கள், 50, 80 என்று காட்டும். அனிமோனுக்கு வேண்டியது பூஜ்யம். இதற்கு ஆர்ஓவுக்குப் பிறகு, மிச்சத் தாதுக்களையும் உறிஞ்சும் டிஐ ரெசின் நிரப்பிய இன்னொரு குழாயைச் சேர்க்க வேண்டும். டிடிஎஸ் பூஜ்யத்தைத் தாண்டி 1, 2 என்று ஏற ஆரம்பித்தால் ரெசினை மாற்றுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. இப்போது ‘காப்பர்’ சேர்த்த வாட்டர் பியூரிஃபையர்கள் நிறைய வீடுகளில் இருக்கின்றன. செம்பு நமக்கு நல்லதோ என்னவோ, முதுகெலும்பில்லாத கடல் உயிர்களுக்கு அது நஞ்சு, மிகச் சிறிய அளவிலும். அல்சூரில் ஒரு நண்பர் எல்லாம் சரியாகச் செய்தும் அடுத்தடுத்து இரண்டு அனிமோன்கள் சுருங்கிச் செத்தன. விளக்கை மாற்றினார், உப்பை மாற்றினார். ஒரு நாள் அவர் சமையலறையில் தண்ணீர் பிடிக்கும்போதுதான் பியூரிஃபையரின் முகப்பில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். செம்புக் குடத்தில் தண்ணீர் எடுத்து ஊற்றுவதும் கூடாது, பித்தளை வாளியும் கூடாது. பிளாஸ்டிக்கே போதும்.

ஆர்ஓ ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். 2024 கோடையில் இந்த ஊர் தண்ணீருக்கு எப்படித் தவித்தது என்று பார்த்தவர்கள் அதைச் சாக்கடையில் விட மாட்டார்கள். என் வீட்டில் அது டிரம்மில் சேர்ந்து, வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் போகிறது.

தூத்துக்குடி கல்லுப்பு போட்டால் ஆகாதா? அதுவும் கடல் உப்புதானே?

கடலிலிருந்து வந்தது என்பது உண்மை. ஆனால் உப்பளத்தில் நமக்கு வேண்டிய சோடியம் குளோரைடு படிந்ததும், மெக்னீசியமும் பொட்டாசியமும் மிஞ்சிய கசப்பு நீரை வடித்துவிடுகிறார்கள். கால்சியத்தின் பெரும்பகுதி அதற்கு முன்பே படிந்து பிரிந்துவிடும். கல்லுப்பைக் கரைத்தால் உப்புத் தண்ணீர் கிடைக்கும், கடல்நீர் கிடைக்காது. கடல் தொட்டிக்கென்று விற்கும் உப்புதான் வேண்டும். லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் வரை ஆகும்.

சென்னை போகும்போது கேனில் கடல்நீர் பிடித்து வரலாமா?

கரையோர நீர் வேண்டாம். கூவமும் அடையாறும் கலக்கும் கடற்கரை அது. ஆழ்கடலில் பிடித்து வடிகட்டிய நீரை வைத்துச் சிலர் நன்றாகவே நடத்துகிறார்கள். ஆனால் பெங்களூரில் இருந்துகொண்டு அதை நம்பினால், அனிமோனுக்கு அவசரமாகத் தண்ணீர் மாற்ற வேண்டிய அன்றைக்குக் கையில் ஒரு கேன்கூட இருக்காது. உப்பு மூட்டை வீட்டில் இருந்தால் ராத்திரி பதினொரு மணிக்கும் கலக்கலாம்.

என்னென்ன அளவு, எவ்வளவு இருக்க வேண்டும்?

உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது ஒப்படர்த்தி 1.025 அல்லது 1.026. வெப்பம் 25, 26 டிகிரி. பிஎச் 8.1 முதல் 8.4. காரத்தன்மை 8 முதல் 10 டிகேஎச். கால்சியம் 400 பிபிஎம்மை ஒட்டி. அம்மோனியா, நைட்ரைட் பூஜ்யம். நைட்ரேட் 10 பிபிஎம்முக்குள்.

இந்த எண்களை மிகச் சரியாகத் தொடுவதைவிட, இருக்கிற எண் அசையாமல் இருப்பது முக்கியம். நைட்ரேட் 15 என்று வருஷக்கணக்கில் நிற்கும் தொட்டியில் செழிப்பான அனிமோனைப் பார்த்திருக்கிறேன். உப்பு அளக்க மிதவைக் கருவியை நம்ப வேண்டாம். ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, அதற்கான 35 பிபிடி திரவத்தில் மாதம் ஒருமுறை சரிபாருங்கள்.

பெங்களூர் குளிர்ச்சியான ஊர்தானே? சில்லர் எதற்கு?

ஏப்ரலில் வந்து கேளுங்கள். 2016 ஏப்ரலில் இங்கே 39 டிகிரியைத் தாண்டியது. மேல்மாடி வீட்டில் தொட்டித் தண்ணீர் 30-ஐ எளிதாகத் தொடும். 28-க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் அனிமோன் பாசியை வெளியேற்றி வெளுக்கத் தொடங்கும்.

நல்ல செய்தி என்னவென்றால், இந்த ஊரில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் காற்று உலர்ந்திருக்கும். தண்ணீர்ப் பரப்பின் மேல் ஒரு சின்ன ஃபேன் வைத்தால் ஆவியாதல் மூலமாகவே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். சென்னைப் புழுக்கத்தில் இது இவ்வளவு வேலை செய்யாது. என் தொட்டி ஃபேனில்தான் ஓடுகிறது. பெரிய தொட்டிக்கும் மேக்னிஃபிகா வளர்ப்பவர்களுக்கும் சில்லர் தேவைப்படும்.

ஃபேன் வைத்தால் தண்ணீர் வேகமாகக் குறையும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும், உப்புத் தண்ணீரால் கூடாது. தானாக நிரப்பும் கருவி ஒன்று பொருத்திவிட்டால் நிம்மதி. அனிமோனுக்காக நீங்கள் வாங்கும் பொருள்களில் விளக்குக்கு அடுத்து இதுதான் பணத்துக்கு மதிப்பு.

டிசம்பர், ஜனவரி இரவுகளுக்கு ஹீட்டரும் வேண்டும். ஹீட்டருக்குக் கூடு மாட்டுங்கள், அனிமோன் அதன்மேல் போய் உட்கார்ந்தால் வெந்துவிடும்.

கரண்ட் போனால்?

விளக்கு இல்லாமல் ஒரு நாள், இரண்டு நாள்கூட அனிமோன் தாங்கும். தண்ணீர் அசையாமல் சில மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம். ஆக்சிஜன் குறைவதுதான் காரணம். வீட்டு இன்வெர்ட்டரில் விளக்கையும் ஹீட்டரையும் சேர்க்காமல், ஒரே ஒரு வேவ்மேக்கரை (தண்ணீரை ஓடவைக்கும் விசிறி) மட்டும் கொடுங்கள். ஏறக்குறைய பத்து வாட் சுமைதான் அது, இரவு முழுக்க ஓடும். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள், கரண்ட் போனதும் தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்ப் வைத்துக்கொள்ளலாம்.

எந்த மாதிரி விளக்கு?

நீலமும் வெள்ளையும் கலந்த, கடல் தொட்டிக்கான எல்இடி. நல்ல நீர்ச்செடித் தொட்டி விளக்குகூட இதற்கு ஒத்துவராது. தினம் எட்டு முதல் பத்து மணி நேரம் டைமரில். புது அனிமோன் வந்ததும் பாதி வெளிச்சத்தில் ஆரம்பித்து, இரண்டு மூன்று வாரத்தில் மெதுவாக ஏற்றுங்கள். ஜன்னல் வெயிலை நம்ப வேண்டாம்.

ஒரு இடத்தில் வைத்தேன், இரவோடு இரவாக வேறு இடத்துக்குப் போய்விட்டது. திரும்ப எடுத்து வைக்கலாமா?

கூடாது. அதற்கு நடக்கத் தெரியும். வெளிச்சம், நீரோட்டம், பாதம் நுழைய ஒரு இடுக்கு, இந்த மூன்றும் சேர்ந்த இடத்தை அதுவே தேடிக்கொள்ளும். நீங்கள் பிடுங்கிப் பிடுங்கி வைத்தால் பாதம் கிழியும், கிழிந்த பாதத்தில் அழுகல் பிடிக்கும். அது வருவதற்கு முன்பே பாறைகளுக்கு நடுவில் ஆழமான இடுக்கு ஒன்றை அமைத்துக் கொடுங்கள், கிடைத்தால் பெரும்பாலும் அங்கேயே தங்கும். வாரக்கணக்கில் அலைந்துகொண்டே இருந்தால் வெளிச்சத்திலோ தண்ணீரிலோ குறை இருக்கிறது.

நடக்கத் தெரிந்த இந்த உயிருக்கு வேவ்மேக்கர்தான் எமன். என் முதல் அனிமோன் அப்படித்தான் போனது. காலை ஐந்து மணிக்கு ஹாலுக்கு வந்தால் தொட்டி முழுக்கக் கஞ்சித் தண்ணீர்போல வெளுத்திருந்தது. ராத்திரி நடந்து போய் வேவ்மேக்கரின் சக்கரத்தில் சிக்கிச் சிதறியிருக்கிறது. அதன் திசு தண்ணீர் முழுக்கக் கலந்து, கொட்டும் செல்களும் அம்மோனியாவும் சேர்ந்து, இரண்டு மீன்களும் மதியத்துக்குள் போய்விட்டன. அதுவரை வலை உறை போட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் தேடிப் படிக்கவில்லை. அந்தக் காலை இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை.

ஆகவே அனிமோன் வீட்டுக்கு வருவதற்கு முன்பே வேவ்மேக்கர், பம்ப் வாய், தண்ணீர் வழிந்து வெளியேறும் ஓவர்ஃப்ளோ எல்லாவற்றுக்கும் நுண்வலையோ கரடுமுரடான ஸ்பாஞ்சோ சுற்றிவிடுங்கள். வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் அடைத்துக்கொள்ளும். புதிதாக விட்ட நாளில், பாதம் ஒட்டும்வரை அதன் பக்கத்தில் இருக்கும் வேவ்மேக்கரை நிறுத்திவையுங்கள்.

சாப்பாடு என்ன, எத்தனை நாளைக்கு ஒருமுறை?

வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை. பட்டாணி அளவு இறால் துண்டு. மீன் மார்க்கெட்டில் வாங்கிய பச்சை இறாலை ஓடு நீக்கி, ஆர்ஓ தண்ணீரில் கழுவி, பொடியாக நறுக்கி உறையவைத்தால் இரண்டு மாதத்துக்கு வரும். மஞ்சள், உப்பு தடவி வைத்ததை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இரண்டு டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் மூடியில் எழுதியே வைத்திருக்கிறோம்.

முழு மீனைப் போடுவதைப் பெருமையாகச் செய்கிறவர்கள் உண்டு. பெரிய துண்டு செரிக்காமல் உள்ளே அழுகி, மறுநாள் வாய் வழியாக வெளியே வரும். நல்ல வெளிச்சத்தில் இருக்கும் அனிமோனுக்குப் பசியால் ஆபத்து குறைவு, அதிகமாகப் போட்ட சாப்பாட்டால்தான் ஆபத்து. வெளுத்துப்போனதைத் தேற்றும்போது மட்டும் மிகப் பொடியாக, வாரம் மூன்று முறை கொடுக்கலாம்.

சுருங்கிப் பந்துபோல ஆகிவிட்டது. செத்துக்கொண்டிருக்கிறதா?

ராத்திரி பத்து மணிக்கு வரும் போன்களில் பாதி இதற்காகத்தான். பெரும்பாலும் பதில்: இல்லை, விட்டுவிடுங்கள்.

அனிமோன் தன் உடம்புக்குள் இருக்கும் பழைய நீரை வெளியேற்றிப் புதுநீர் நிரப்ப அவ்வப்போது சுருங்கும். சாப்பிட்ட மறுநாளும் சுருங்கும். சில மணி நேரத்தில் மறுபடி விரியும். பழுப்பு நிறத்தில் நூல்நூலாக ஏதாவது வாயிலிருந்து வந்தால் அது கழிவும் மிஞ்சிய பாசியும்தான். புதிதாக வந்த முதல் வாரத்தில் இது எல்லாமே சகஜம்.

பயப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. வாய் நாள்கணக்கில் திறந்தே கிடப்பது. உள்ளே இருப்பது வெளியே பிதுங்கி நிற்பது. பாதம் எங்கேயும் ஒட்டாமல் தண்ணீரில் உருள்வது. கை எதிலும் பசைபோல ஒட்டாமல் இருப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தால் உப்பையும் வெப்பத்தையும் அம்மோனியாவையும் அளந்து, கால்வாசித் தண்ணீரை மாற்றி, தண்ணீரை வடிகட்டும் ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். அதற்கு மேல் அன்றைக்கு எதுவும் செய்யாதீர்கள். ஒரே மாலையில் விளக்கை மாற்றி, இடத்தை மாற்றி, மருந்தும் ஊற்றினால், எது அதைக் காப்பாற்றியது, எது கொன்றது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

செத்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால் மூக்கைக் கேளுங்கள். செத்த அனிமோன் கொஞ்சம் மேலே தூக்கியதுமே அழுகல் நாற்றம் அடிக்கும், கையோடு கரைந்து வரும். அந்த நிமிஷமே எடுத்துவிட வேண்டும், காலை வரை வைத்தால் மீன்களும் போய்விடும். நாற்றம் இல்லை, பாதம் இன்னும் பிடித்திருக்கிறது என்றால் உயிர் இருக்கிறது. அப்படி இரண்டு வாரம் சுருங்கியே கிடந்து, பிறகு விரிந்த ஒன்று இப்போது என் தொட்டியில் இரண்டு கை அகலம் இருக்கிறது.

அனிமோனுக்குள் குடியிருக்கும் கோமாளி மீன் கட்டாயம் வேண்டுமா?

வேண்டாம். தொட்டியில் இரண்டும் ஒன்றில்லாமல் ஒன்று நன்றாக வாழும். ஆனால் சேர்ந்து இருப்பதைப் பார்த்துவிட்டால் பிரித்துவைக்க மனசு வராது. மீன் சாப்பாட்டைக் கொண்டுபோய் அனிமோனுக்குக் கொடுக்கும், அனிமோனைக் கடிக்கும் பட்டாம்பூச்சி மீன்களை விரட்டும், அதன் கழிவு பாசிக்கு உரமாகும்.

உலகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அனிமோன் வகைகள் உண்டு, அவற்றில் கோமாளி மீன்கள் குடியிருப்பவை பத்து வகைதான். நம் பக்கத்துக் கடலில் இருக்கும் செபே கோமாளி மீனுக்குக் கார்பெட் அனிமோன்தான் வீடு. கடைகளில் அதிகம் கிடைக்கும் ஆசெல்லாரிஸ் கோமாளி மீன் கடலில் பபிள் டிப்பில் வாழ்வதில்லை, ஆனால் தொட்டியில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். ஒரு மணி நேரத்திலும் ஏற்கலாம், ஒரு வருஷமும் ஆகலாம். அனிமோன் ஊன்றி ஒரு மாதம் ஆன பிறகு மீனை விடுங்கள், இல்லையென்றால் இடிபட்டே அது சுருங்கிக்கொள்ளும்.

கோமாளி மீனை இனப்பெருக்கம் செய்யும் முறை பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் ஆராய்ச்சி மையங்களில் எப்போதோ கைவந்துவிட்டது. பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய். தொட்டியில் மருந்து ஊற்றலாமா?

அந்த மருந்துகளில் பல செம்பு மருந்துகள். ஊற்றினால் அனிமோன் சாகும். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி வைத்தியம் பாருங்கள். வீட்டில் கொசு மருந்து, கரப்பான் மருந்து அடிக்கும் நாளிலும் தொட்டியை மூடி, ஏர் பம்பை வேறு அறையில் வையுங்கள்.

கேட்காமலே நிறையக் குட்டி அனிமோன்கள் முளைத்திருக்கின்றன. சந்தோஷப்படலாமா?

பழுப்பாக, கண்ணாடிபோல, கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னதாக இருந்தால் அது அயிப்டேசியா. களை. நறுக்கினால் ஒவ்வொரு துணுக்கும் ஒன்றாக முளைக்கும், ஆகவே சுரண்டாதீர்கள். சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடை, அதாவது சுண்ணாம்பை, ஆர்ஓ தண்ணீரில் குழம்பாகக் கரைத்து, பம்புகளை நிறுத்திவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் அதன் வாயின்மேல் மெதுவாக விட்டால் கரைந்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று நான்குக்கு மேல் வேண்டாம், பிஎச் ஏறிவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பும் அதே பொருள்தான் என்றாலும், டப்பாவில் விற்பதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. அயிப்டேசியாவைத் தின்னும் பெப்பர்மின்ட் இறால் கிடைத்தால் அதையும் விடலாம்.

ஒன்று இரண்டாகிவிட்டது!

பபிள் டிப் நடுவில் கிழிந்து இரண்டாகும். செழிப்பாலும் ஆகும், திடீர் அதிர்ச்சியாலும் ஆகும். தண்ணீரை அளந்து பாருங்கள், சரியாக இருந்தால் மகிழ்ச்சியாக இருங்கள். இரண்டும் ஆறி, தனித்தனியாகச் சாப்பிட ஆரம்பிக்கும்வரை யாருக்கும் எடுத்துக் கொடுக்காதீர்கள். பாறையோடு கொடுப்பது மிக நல்லது. கண்ணாடியில் ஒட்டியிருந்தால், கண்ணாடியின் வெளிப்புறம் ஐஸ் கட்டியை வைத்துப் பிடியுங்கள், தானே விட்டுக்கொடுக்கும்.

அழகுக்காக உயிர்ப் பவளமும் லைவ் ராக்கும் (உயிர்கள் ஒட்டியிருக்கும் கடல் பாறை) சேர்க்கலாமா?

பாறை உருவாக்கும் பவளங்கள், கடல் விசிறிகள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி இருப்பது கடல் தேசியப் பூங்கா. ‘ராமேஸ்வரத்திலிருந்து வந்தது, நல்ல ராக்’ என்று யாராவது காட்டினால் வாங்காமல் வந்துவிடுங்கள். செயற்கைப் பாறையில் ஆறு மாதத்தில் பாக்டீரியா குடியேறிவிடும். நீங்கள் காத்திருக்கப் போகிற அதே ஆறு மாதம்தான். அந்தத் தீவுகளை நேரில் பார்த்த யாருக்கும் அங்கிருந்து ஒரு கல்லைப் பெயர்த்து வர மனம் வராது.

குழந்தைகள் தொட்டால் கொட்டுமா?

பபிள் டிப் விரலில் பசைபோல ஒட்டும், பலருக்கு வேறு எதுவும் தெரியாது. கார்பெட் தோலைத் தடிக்கவைக்கும். முழங்கையின் உள்பக்கம் போன்ற மெல்லிய தோலில் பட்டால் எரியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணைத் தேய்க்காதீர்கள், வேலை முடிந்ததும் கழுவுங்கள். அலர்ஜி உள்ளவர்கள் கையே விட வேண்டாம்.

பொங்கலுக்கு ஒரு வாரம் ஊருக்குப் போக வேண்டும். யார் பார்ப்பது?

சாப்பாடு வேண்டாம், ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். நிரப்பு டிரம்மில் பத்து நாளுக்கான நல்ல தண்ணீர், டைமரில் விளக்கு, இன்வெர்ட்டரில் வேவ்மேக்கர் இருந்தால் போதும். சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுக்கும்போது, ‘ஒன்றுமே போடாதீர்கள், தண்ணீர் கலங்கினால் மட்டும் போன் செய்யுங்கள்’ என்று சொல்லுங்கள். பாசத்தில் ஒரு பிடி போட்டுவிடுவார்கள், அதுதான் பயம்.

வீடு மாறுகிறோம். அனிமோனை எப்படிக் கொண்டுபோவது?

வாடகை வீட்டுக்காரர்கள் நிறைந்த ஊர், இந்தக் கேள்வி எல்லோருக்கும் ஒருநாள் வரும். நான் இரண்டு முறை செய்திருக்கிறேன்.

நான்கு நாளைக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள். புது வீட்டில் உப்புத் தண்ணீரை முந்தின நாளே கலந்து வையுங்கள். அனிமோனைப் பாறையிலிருந்து பிரிக்காமல், பாறையோடு தனி வாளியில், பழைய தண்ணீரில் வையுங்கள். அதே வாளியில் மீன் வேண்டாம். வாளிக்கு மூடி, பேட்டரி ஏர் பம்ப், சுற்றிலும் தெர்மகோல். பழைய தண்ணீரில் பாதியையாவது கேன்களில் எடுத்துக்கொள்ளுங்கள். மணலைக் கழுவாமல் அப்படியே புதுத் தொட்டியில் கொட்டினால், அடியில் தேங்கியிருந்த அழுக்கெல்லாம் அம்மோனியாவாகக் கிளம்பும். வெளிவட்டச் சாலை நெரிசலில் மாட்டாமல் விடியற்காலையில் கிளம்புங்கள், அந்த வாளி உங்கள் மடியிலோ காலடியிலோ இருக்கட்டும், லாரியில் வேண்டாம்.

போனதும் முதலில் தொட்டி, பிறகுதான் பால் காய்ச்சுவது. வெப்பமும் உப்பும் ஒத்துவந்த பிறகு பாறையோடு இறக்குங்கள், விளக்கு பாதி வெளிச்சத்தில் இருக்கட்டும், மூன்று நாளைக்குத் தினமும் அம்மோனியா அளந்து பாருங்கள். சாமான் பிரிக்கும் அவசரத்தில் ஒன்று விட்டுப்போகும்: அன்று இரவு வேவ்மேக்கரைப் போடுவதற்கு முன், வலை உறை அதில் மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள்.